நேர்முகப் பரீட்சையில் நாம் பார்த்தது ஆளையா, வேலையையா?

வாசகர் கேள்வி

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். மட்டக்களப்பு மாவட்டத்தில், களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் இயங்கும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பணிப்பாளர் சபையில் இருக்கிறேன். கடன் பிரிவுக்கு ஒரு கள உத்தியோகத்தரைத் தெரிவு செய்ய அமைக்கப்பட்ட மூவர் குழுவில் நானும் ஒருவன். எழுத்துப் பரீட்சைக்கு 60 புள்ளிகள், நேர்முகப் பரீட்சைக்கு 40 புள்ளிகள். எட்டுப் பேர் வந்தார்கள். எழுத்தில் 47 எடுத்து முதலிடம் பெற்றவர், மண்டூர்ப் பக்கத்திலிருந்து படகுப்பாதையில் (ஆட்களை ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையில்) வந்த ஒரு பெண் பிள்ளை. நேர்முகத்தில் தலையைக் குனிந்தபடி, கேட்டதற்கு மட்டும் சுருக்கமாகப் பதில் சொன்னார். அவருக்கு 17 கிடைத்தது. எழுத்தில் 38 எடுத்த தம்பி எங்களுக்குத் தெரிந்த குடும்பம். தமிழிலும் ஆங்கிலத்திலும் தடுமாறாமல் பேசினார். அவருக்கு 31 கொடுத்தோம். மொத்தத்தில் தம்பி 69, பிள்ளை 64.

கேள்விகளை முன்கூட்டி எழுதி வைக்கவில்லை. பிள்ளையிடம், யானை வரும் வீதியால் தனியே போவீர்களா, கலியாணம் முடித்தால் வேலையை விட்டுவிடுவீர்களா என்று கேட்டோம். தம்பியிடம் படித்த பாடசாலை, விளையாட்டு, தகப்பனாரின் சுகம் பற்றிப் பேசினோம். ஒவ்வொருவரும் வெளியே போனதும் தலைவர் முதலில் தன் கருத்தைச் சொல்ல, மூவரும் சேர்ந்து ஒரே புள்ளியை இட்டோம். அன்றிலிருந்து என் மனம் சரியில்லை. தலைவரோ, "முப்பது வருடமாக ஆட்களைப் பார்த்தவன் நான்; கண்டவுடன் தெரியும்" என்கிறார். அவர் எனக்கு மூத்தவர். நாங்கள் செய்தது பக்கச்சார்பா, நேர்முகப் பரீட்சை என்றாலே இப்படித்தானா? சபை இன்னும் அங்கீகாரம் கொடுக்கவில்லை. இப்போது நான் என்ன செய்யலாம்? தைப்பொங்கலுக்குப் பின் மேலும் இரண்டு பதவிகளுக்கு ஆள் எடுக்க இருக்கிறோம். அதையாவது ஒழுங்காக நடத்துவது எப்படி? புள்ளித்தாளின் பிரதியை இணைத்துள்ளேன்.

ஆலோசனை

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தையும் புள்ளித்தாளையும் கவனமாகப் படித்தேன். உங்கள் குழுவில் எவரும் அநியாயம் செய்ய வேண்டும் என்று நினைத்து அங்கே உட்காரவில்லை என்று நம்புகிறேன். ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு அநியாயம் நடந்திருக்கவே பெரும்பாலும் இடமுண்டு. ஆட்சேர்ப்பில் நடக்கும் பக்கச்சார்பில் பெரும்பகுதி கெட்ட எண்ணத்தால் வருவதில்லை. நல்லவர்கள், எதை அளக்கிறோம் என்று முன்கூட்டித் தீர்மானிக்காமல் அளக்கத் தொடங்குவதால் வருகிறது. ஆகையால் உங்கள் மனத்தைத் துருவிக் குற்றம் தேடுவதை விட, அந்தத் தாளைத் துருவிப் பார்ப்பதே பயன் தரும்.

தாளில் நான்கு தலைப்புகள் உள்ளன: தோற்றம், தன்னம்பிக்கை, மொழி ஆற்றல், பொது அறிவு, ஒவ்வொன்றுக்கும் 10. தம்பிக்கு முறையே 8, 8, 8, 7. பிள்ளைக்கு 4, 4, 5, 4. நான்கு வேறுவேறு இயல்புகளை அளந்ததாகச் சொல்லும் ஒரு தாளில், ஒருவருக்கு எல்லாமே உயர்ந்தும் மற்றவருக்கு எல்லாமே தாழ்ந்தும், ஏறத்தாழ ஒரே எண்ணாகவே வந்திருப்பதைப் பாருங்கள். எழுத்துப் பரீட்சையில் எட்டுப் பேரையும் முந்திய ஒருவர் பொது அறிவில் பத்துக்கு நான்கு பெற்றது எப்படி என்று உங்களுக்கே தோன்றியிருக்கும். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தோர்ன்டைக் 1920ஆம் ஆண்டிலேயே இதை எழுதிவிட்டார். இராணுவ அதிகாரிகள் தமக்குக் கீழுள்ளவர்களின் உடற்றோற்றம், அறிவு, தலைமைத்துவம், குணம் ஆகியவற்றுக்குத் தனித்தனியாக இட்ட மதிப்பீடுகள் நம்ப முடியாத அளவுக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போவதைக் கண்ட அவர், மதிப்பிடுபவர் ஆளைப் பற்றிய ஒட்டுமொத்த எண்ணம் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு அதன் சாயத்தையே எல்லாக் கட்டங்களுக்கும் பூசிவிடுகிறார் என்று விளக்கினார். உங்கள் தாளில் நடந்திருப்பதும் இதுவே. நீங்கள் நான்கு விடயங்களை அளக்கவில்லை. "பிடித்திருக்கிறதா" என்ற ஒன்றையே நான்கு தடவை பதிந்திருக்கிறீர்கள்.

இன்னொரு விடயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. எழுத்துக்கு 60, நேர்முகத்துக்கு 40 என்று வைத்ததால் எழுத்துப் பரீட்சைக்கே கூடிய பெறுமதி கொடுத்ததாக உங்கள் சபை நினைத்திருக்கும். ஆனால் எட்டுப் பேரின் எழுத்துப் புள்ளிகளும் 36க்கும் 47க்கும் இடையில், 11 புள்ளி இடைவெளிக்குள் அடங்கியிருக்கின்றன. நேர்முகப் புள்ளிகளோ 14இலிருந்து 31 வரை, 17 புள்ளி அகலத்துக்குப் பரந்திருக்கின்றன. எங்கே புள்ளிகள் அகலமாகப் பரவுகின்றனவோ அங்கேதான் வரிசை தீர்மானிக்கப்படும். காகிதத்தில் 40 வீதமாக இருந்த நேர்முகம், நடைமுறையில் முடிவின் பெரும்பகுதியைத் தன் கையில் எடுத்துக்கொண்டது.

இனி அந்தத் தலைப்புகளை வேலையோடு பொருத்திப் பாருங்கள். கடன் பிரிவுக் கள உத்தியோகத்தர் என்ன செய்ய வேண்டும்? கடன் கேட்கும் அங்கத்தவரின் வீட்டுக்கும் தொழிலுக்கும் போய்ப் பார்க்க வேண்டும். பெண்கள் குழுக்களின் சேமிப்புப் புத்தகங்களைச் சரிபார்க்க வேண்டும். தவணை தவறியவரை அவமானப்படுத்தாமல், அதே நேரம் சங்கத்தின் பணத்தையும் விட்டுக்கொடுக்காமல் பேச வேண்டும். வட்டி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை எழுத வாசிக்கத் தெரியாத ஒருவருக்கும் விளங்கப்படுத்த வேண்டும். மாலையில் கணக்கை ஒப்படைக்க வேண்டும். நுண்கடன் நிறுவனங்களிடம் பட்டு நொந்த பெண்கள் நிறைந்த மாவட்டம் இது. அவர்கள் முன்னால் போய் உட்காரும் ஒருவரிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது பொறுமையாகக் கேட்கும் இயல்பையும் பிழையற்ற கணக்கையுமே. சரளமான ஆங்கிலம் இந்த வேலையில் எத்தனை தடவை தேவைப்படும்? காலையில் படகுப்பாதைக்குக் காத்திருந்து, வாவியைக் கடந்து, பிறகு பஸ் ஏறி வந்தவரின் தோற்றத்துக்கும், ஐந்து நிமிடத் தொலைவிலுள்ள வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தவரின் தோற்றத்துக்கும் ஒரே அளவுகோலில் புள்ளி இட்டதில் நீங்கள் அளந்தது எதை?

தலை குனிந்து சுருக்கமாகப் பதில் சொன்னதைத் "தன்னம்பிக்கை போதாது" என்று வாசித்திருக்கிறீர்கள். ஐயா, நீங்கள் ஆசிரியராக இருந்தவர். பெரியவர்கள் மூவர் முன்னால் உரத்துப் பேசாமல், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வதைத்தானே வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கிராமங்களிலும், கிழக்கே எழுவான்கரையிலும் கூட, நாம் பிள்ளைகளுக்குப் பழக்கி வைத்திருக்கிறோம்? வீட்டிலும் பள்ளியிலும் மரியாதை என்று பாராட்டிய அதே நடத்தைக்கு, வேலை கேட்டு வந்த நாளில் புள்ளி குறைப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அது மட்டுமன்றி, தம்பியின் தகப்பனாரைப் பற்றி விசாரித்தபோதே அவருக்கு அந்த அறை சொந்த வீடு போலாகிவிட்டது. பிள்ளைக்கு அது கடைசி வரை பரீட்சை மண்டபமாகவே இருந்தது. ஒருவரை இலகுவாக்கிவிட்டு அவர் இலகுவாக இருந்தார் என்று பாராட்டுவதும், மற்றவரை நெருக்கிவிட்டு அவர் கூச்சப்பட்டார் என்று குறை காண்பதும், நேர்முகப் பரீட்சைகளில் நான் திரும்பத் திரும்பக் காணும் பிழை.

கேட்ட கேள்விகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். யானை நடமாட்டம் உண்மையான ஆபத்து. அதைப் பற்றிக் கேட்பதில் தவறில்லை. ஆனால் அது கள உத்தியோகத்தராகப் போகும் எவருக்கும் உள்ள ஆபத்து. தம்பியிடமும் கேட்டிருக்க வேண்டும். அந்த வீதிகளில் பிறந்தது முதல் போய் வருபவர் அந்தப் பிள்ளை. எந்த நேரத்தில் எந்தப் பாதையைத் தவிர்க்க வேண்டும் என்று உங்கள் குழுவுக்கே அவர் சொல்லித் தந்திருப்பார். கலியாணம் பற்றிய கேள்வியைக் கேட்டிருக்கவே கூடாது. அதற்குள் இருக்கும் ஊகம் நம் மண்ணுக்குக் கூடப் பொருந்தாது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரங்களில், தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும், பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழும் வழக்கமே தலைமுறைகளாகப் பரவலாக இருக்கிறது. கலியாணத்தோடு ஊர் மாறும் வாய்ப்பு, இந்த இருவரில், தம்பிக்கே அதிகம். அவரிடம் அதைக் கேட்க எவருக்கும் தோன்றவில்லை. பெண் என்றால் போய்விடுவார் என்ற எண்ணம் எங்கிருந்தோ வந்து, நாம் கண்ணால் காணும் வழக்கத்தையும் மீறி நம் தீர்ப்பில் உட்கார்ந்துவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

தலைவரின் அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் "கண்டவுடன் தெரியும்" என்ற நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மாணவர்கள் சிலரைக் கொண்டு வேறு மாணவர்களை நேர்காணச் செய்து, நேர்காணப்பட்டவர்களின் அடுத்த தவணைப் பெறுபேறு எப்படி அமையும் என்று கணிக்கச் சொன்னார்கள். நேர்காணப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் கேள்விகளுக்கு உண்மையான பதில் சொல்லாமல், முன்பே சொல்லிக் கொடுத்த ஒரு சூத்திரத்தின்படி எழுந்தமானமாகப் பதில் சொன்னார்கள். நேர்கண்டவர்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை. ஆளை நன்றாக விளங்கிக்கொண்டதாகவே உணர்ந்தார்கள். அதைவிட முக்கியம், நேர்காணாமல் முந்தைய பெறுபேறு போன்ற விபரங்களை மட்டும் வைத்துக் கணித்தபோது கணிப்பு கூடுதலாகச் சரியாக இருந்தது. ஒழுங்கில்லாத உரையாடல் சில வேளைகளில் உதவாமல் விடுவது மட்டுமல்ல, கையிலிருந்த நல்ல தகவலையும் மங்கச் செய்துவிடுகிறது. உங்கள் குழுவின் கையில் எழுத்துப் பரீட்சைப் புள்ளி என்ற நல்ல தகவல் இருந்தது. மேலும், தவறாக நிராகரித்த ஒருவர் பிறகு எங்கே எப்படி வேலை செய்தார் என்பது எந்தக் குழுவுக்கும் தெரிய வருவதில்லை. எனவே முப்பது வருட அனுபவம் இருந்தாலும், விட்டுவிட்ட நல்லவர்களைப் பற்றி அந்த அனுபவம் எதையும் கற்றுத் தராது.

நேர்முகப் பரீட்சையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஷ்மிட், ஹன்டர் ஆகிய இரு உளவியலாளர்கள், பல பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டி 1998இல் ஒரு கணிப்பை வெளியிட்டார்கள். தெரிவு முறையின் முடிவும் பிற்பாடு வேலையில் காட்டும் திறனும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை, முழுப் பொருத்தத்தை 1 என்று வைத்து அளந்தபோது, கேள்விகளையும் புள்ளி முறையையும் முன்கூட்டி வகுத்து நடத்தும் கட்டமைக்கப்பட்ட நேர்முகத்துக்கு 0.51உம் கட்டமைக்கப்படாததற்கு 0.38உம் கிடைத்தன. போல் சாக்கெட்டும் அவரோடு இணைந்தோரும் 2022இல் அதே கணக்கைத் திருத்தமான முறையில் மீளச் செய்தபோது, முன்னது 0.42, பின்னது 0.19. கட்டமைக்கப்பட்ட நேர்முகமும் முழுமையானதல்ல என்பதை இந்த எண்களே காட்டுகின்றன. ஆனாலும் இரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது. அந்தத் தூரத்தைக் கடக்கப் பணம் தேவையில்லை. ஒரு மாலை நேர ஆயத்தம் போதும். நம் அரச வர்த்தமானி அறிவித்தல்களில் "கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை" என்ற தொடரை நீங்கள் பார்த்திருப்பீர்கள்; எதற்கு எத்தனை புள்ளி என்பதை முன்கூட்டியே வகுத்துக்கொண்டு நடத்தும் அந்த முறை சிறிய சங்கங்களுக்கும் எட்டாததல்ல.

இப்போது செய்யக்கூடியதற்கு வருகிறேன். சபை அங்கீகரிக்கும் முன்பே எழுதியது நல்லதாயிற்று. கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் எழுப்பாமல், முதலில் தலைவரின் வீட்டுக்குப் போய்த் தனியே பேசுங்கள். "பக்கச்சார்பு" என்ற சொல்லைப் பேச்சின் தொடக்கத்தில் எடுக்க வேண்டாம். அதைக் கேட்டவுடன் எவரும் தம் நேர்மையைக் காக்க எழுந்துவிடுவார், தாளைப் பார்க்க மாட்டார். புள்ளித்தாளை அவர் முன் வைத்து, நான்கு தலைப்பிலும் ஏறத்தாழ ஒரே எண் வந்திருப்பதையும், இருவரிடமும் கேட்ட கேள்விகள் வேறுபட்டதையும் காட்டி, "நானும் சேர்ந்துதான் இந்தப் புள்ளியை இட்டேன், இதை வைத்து ஒருவரைத் தெரிவு செய்ய என் மனம் இடம் தரவில்லை" என்று சொல்லுங்கள். அது உண்மை, அவரைச் சிறுமைப்படுத்துவதும் அல்ல.

அதோடு ஒரு வழியையும் கையில் கொண்டு போங்கள். மொத்தப் புள்ளியில் முதல் மூவரையும் அரை நாளுக்கு அழைத்து, வேலையையே செய்து காட்டச் சொல்லலாம். கற்பனையான ஒரு சேமிப்புக் குழுவின் கணக்குப் புத்தகத்தில் சில பிழைகளை வேண்டுமென்றே வைத்துக் கொடுத்து, கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பிறகு ஓர் அங்கத்தவராக நடிக்க ஒருவரை உட்காரவைத்து, 50,000 ரூபாக் கடனைப் பன்னிரண்டு மாதத் தவணையில் செலுத்தும்போது, ஆண்டுக்கு 24 வீதம் என்ற வட்டியை முழு முதலுக்கும் நிலையாகக் கணித்தால் 12,000 ரூபாவும், குறைந்து செல்லும் மீதிக்குக் கணித்தால் ஏறத்தாழ 6,700 ரூபாவும் வருவது ஏன் என்று விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். இதில் தம்பி முன்னுக்கு வந்தால் அவரைத் தயங்காமல் எடுங்கள். தெரிந்த குடும்பத்துப் பிள்ளை என்பது அவருக்குத் தகுதியும் அல்ல, குற்றமும் அல்ல. தலைவர் இணங்காவிட்டால், உங்கள் கருத்தை இரண்டு பந்தியில் எழுதி, சபைக் கூட்ட அறிக்கையில் சேர்க்கும்படி கேளுங்கள். அது உங்கள் கடமை என்று கருதுகிறேன்.

தைப்பொங்கலுக்குப் பின் வரும் தெரிவுக்கு, விளம்பரம் போடும் முன்பே மூவரும் உட்கார்ந்து, அந்த வேலையில் ஒருவர் தோற்றுப்போவது எதனால் என்று பேசி, நான்கு அல்லது ஐந்து தேவைகளை எழுதுங்கள். ஒவ்வொரு தேவைக்கும் ஒரு கேள்வி. "மூன்று மாதமாகத் தவணை கட்டாத ஒருவரின் வீட்டுக்குப் போகிறீர்கள், கணவர் கடலுக்குப் போய் மீன்பாடு இல்லை என்கிறார், என்ன செய்வீர்கள்?" என்பது போன்ற கேள்வி நூறு பொது அறிவுக் கேள்விகளை விட மேலானது. அதன் கீழேயே, எத்தகைய பதிலுக்கு 5, எத்தகையதற்கு 3, எத்தகையதற்கு 1 என்று எழுதி வையுங்கள். எல்லோரிடமும் அதே கேள்விகள், அதே ஒழுங்கில். பதில் சுருங்கியிருந்தால் "இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள்" என்ற ஒரு வசனத்தை எல்லோருக்கும் சொல்லலாம்; கூச்சமுள்ளவர்களுக்கு அது பெரிய உதவி. குடி (தாய்வழிக் குலம்), சாதி, கட்சி, கலியாணம், பிள்ளைகள் பற்றி எவரிடமும் கேட்க வேண்டாம். மாலை நேரக் கூட்டங்களுக்கு வர முடியுமா என்று அறிய விரும்பினால், அதையே நேராக, ஆண் பெண் எல்லோரிடமும் கேளுங்கள்.

புள்ளி இடும் முறையை மாற்றுவது எல்லாவற்றிலும் முக்கியம். விண்ணப்பதாரி வெளியே போனதும் எவரும் எதுவும் பேசாமல், மூவரும் தனித்தனித் தாளில் புள்ளி இட்டு, மடித்து வைத்துவிட வேண்டும். எட்டுப் பேரும் முடிந்த பிறகே தாள்களைத் திறந்து, பெரிய வித்தியாசம் உள்ள இடங்களை மட்டும் பேச வேண்டும். அப்போதும் தலைவர் கடைசியாகப் பேச வேண்டும். பெரியவர் ஒன்று சொன்ன பின் மறுத்துப் பேசாமல் இருப்பது நம் பழக்கம். அந்தப் பழக்கத்தோடு சண்டை போடாமல், பெரியவரின் சொல் வரும் முன்பே மற்ற இருவரின் தீர்ப்பும் தாளில் பதிந்துவிடும்படி ஒழுங்கு செய்வதே புத்தி.

உறவு விடயமும் உண்டு. ஒரே கோயிலுக்கு வண்ணக்கராக (கோயில் நிருவாகியாக) இருந்தவர்களும், ஒரே பள்ளியில் படிப்பித்தவர்களும், கொண்டான் கொடுத்தான்களும் நிறைந்த ஊரில், எவரையும் தெரியாத மூவரைத் தேடுவது நடக்காத காரியம். எனவே யாருக்கு யாரைத் தெரியும் என்பதைத் தொடங்கும் முன்பே வாய்விட்டுச் சொல்லி எழுதி வையுங்கள். நெருங்கிய உறவினர் வரும்போது அந்த உறுப்பினர் விலகியிருக்கட்டும். மூவரில் ஒருவரையாவது வெளிப் பிரதேசத்திலிருந்து அழையுங்கள்.

முதற்கட்ட விண்ணப்பத் தெரிவில் பெயரையும் முகவரியையும் மறைத்து இலக்கம் இட்டுப் பார்ப்பது நல்லது. மரியான் பேர்ட்ரண்டும், தமிழ்நாட்டில் பிறந்த பொருளியலாளர் செந்தில் முல்லைநாதனும் பொஸ்டன், சிக்காகோ நகரங்களில் ஏறத்தாழ 5,000 விண்ணப்பங்களை அனுப்பிச் செய்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. தகுதிகள் ஒத்திருந்தும், வெள்ளையர் பெயராகத் தோன்றியவற்றுக்குக் கறுப்பினத்தவர் பெயராகத் தோன்றியவற்றை விட ஏறத்தாழ 50 வீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. நம் மாவட்டத்தில் பெயரைப் பார்த்தவுடன் தமிழரா முஸ்லிமா என்றும், முகவரியைப் பார்த்தவுடன் எந்தக் கரை, எந்த ஊர் என்றும் தெரிந்துவிடும். தமிழ்ச் சங்கங்களில் முஸ்லிம் விண்ணப்பங்களும், முஸ்லிம் நிறுவனங்களில் தமிழ் விண்ணப்பங்களும் முதற்கட்டத்திலேயே ஓரமாகிப் போவதைப் பற்றி நாம் வெளிப்படையாகப் பேசுவதில்லை. பேச வேண்டும். நம் அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கொள்கை, பிறப்பிடம் ஆகியவற்றின் பேரில் எந்தப் பிரசைக்கும் எதிராக ஓரங்காட்டப்படக் கூடாது, அதாவது பாகுபாடு காட்டப்படக் கூடாது, என்கிறது. தொழிலில் ஓரங்காட்டலுக்கு எதிரான சர்வதேச தொழில் அமைப்பின் 111ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1998இல் ஏற்று உறுதிப்படுத்தியிருக்கிறது. அடிப்படை உரிமை வழக்கு அரசின் நிறைவேற்று, நிருவாகச் செயல்களுக்கு எதிராகவே தொடரப்படுவது என்றாலும், அங்கத்தவர் பணத்தில் இயங்கும் ஒரு சங்கம் தனக்கு அதைவிடத் தாழ்ந்த அளவுகோலை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முடிவு எதுவானாலும், வந்த எட்டுப் பேருக்கும் அவரவர் பெற்ற புள்ளிகளைக் குறிப்பிட்டு இரண்டு கிழமைக்குள் கடிதம் அனுப்புங்கள். புள்ளித்தாள்களைச் சங்கக் கோவையில் பத்திரப்படுத்துங்கள். புதிய கேள்விகளையும் அவற்றுக்கான புள்ளி விளக்கத்தையும் எழுதி முடித்ததும், விளம்பரம் போடும் முன்பாக எனக்கு ஒரு பிரதி அனுப்பினால் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.